பூவோடு வந்தவரிடம் சொன்ன சொல்

விபத்து நடப்பதற்கு முன் நான் எந்த நிலையில் இருந்தவன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் வருவதை, கட்டிலில் கிடந்தபடி காப்புறுதிப் பணத்துக்கு ஏங்கிய ஒரு கிழவரின் புலம்பல் என்று எவரும் வாசித்துவிடக் கூடாது.

நான் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றில் நீண்ட காலம் பௌதிகம் கற்பித்து, உப அதிபராக ஓய்வுபெற்றவன். அதோடு சமாதான நீதவான். எங்கள் பகுதியில் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியவர்களும், பத்திரப் பிரதிகளுக்கு உறுதி வேண்டியவர்களும் என்னிடம்தான் வந்தார்கள். எழுதியதை உரத்து வாசித்து, விளங்கியதா என்று கேட்டு, ஓம் என்ற பின்னரே கையொப்பமிட விடுவேன். குடித்திருப்பவரிடமும், அழுதுகொண்டிருப்பவரிடமும், நோயில் படுத்திருப்பவரிடமும் நான் ஒருநாளும் வாக்குமூலம் எடுத்ததில்லை. அவர்கள் தெளிந்து எழும்பும்வரை காத்திருந்தேன். இந்த வழக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். என் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

டென்மார்க்குக்கு மகள் வத்சலாவோடு வந்து சேர்ந்தேன். மருமகன் குகன் எங்களுக்கு முன்பே வந்து, கோல்டிங் நகரில் ஒரு பேக்கரியில் மா குழைக்கும் வேலையில் இருந்தார். நகரசபை, அங்கிருந்த எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க என்னை நியமித்தது. உதவிப்பணத்தில் இருந்து உண்ணாமல், கழுத்துப்பட்டி அணிந்து, சுண்ணக்கட்டி பிடித்து உழைத்தேன். என் வயதில் எங்கள் ஆட்களுள் அப்படி இன்னொருவர் அப்போது அந்த நகரில் இருக்கவில்லை.

இலையுதிர் காலத்துக் காலையொன்றில் குகன் தம் பழைய காரில் என்னை நகருக்கு வெளியே உள்ள ஒரு பாடசாலைக்குக் கொண்டுபோனார். நாங்கள் சென்றது பிரதான வீதி. பக்க வீதிகள் அதில் வந்து சேரும் இடங்களில் தரையில் வெள்ளை முக்கோணங்களை வரிசையாகத் தீட்டியிருப்பார்கள். சுறாப்பற்கள் என்று இங்கே அவற்றுக்குப் பெயர். பற்களைக் கண்டால் பக்க வீதியால் வருபவர் வழிவிட்டு நிற்க வேண்டும். பண்ணை வீதியொன்றால் வந்த சிறிய லொறி நிற்கவில்லை. குகன் பிரேக்கை அழுத்தினார். ஈரத் தெருவில் கார் வழுக்கிக்கொண்டுபோய் லொறியின் விலாவில் மூக்கை மோதியது. மோதியது எங்கள் கார் என்பதால், தூர நின்று பார்த்தவருக்கு நாங்களே போய் இடித்தது போலத்தான் தோன்றியிருக்கும். இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

குகனுக்கு நெற்றியில் ஒரு கீறல். முன் ஆசனத்தில் இருந்த எனக்கு முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது. அந்த இடி தொடையெலும்பு வழியாக மேலே ஏறி இடுப்பில் போய் முடிந்தது. தொடையெலும்பின் மேல்முனை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அதற்கொரு கிண்ணம். என் பந்து கிண்ணத்தின் பின்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

வைத்தியசாலையில் மயக்கமருந்து கொடுத்துப் பந்தைக் கிண்ணத்தில் திரும்பவும் வைத்தார்கள். உடைந்த சுவர் பொருந்தும்வரை அது மறுபடி கழலக் கூடாது. ஆகவே முழங்காலுக்குக் கீழே எலும்பின் ஊடாக ஓர் உருக்குக் கம்பியைச் செலுத்தி, அதில் கயிறு கட்டி, கால்மாட்டிலுள்ள கப்பியின் மேலாக நிறை தொங்கவிட்டார்கள். கப்பியும் கயிறும் நிறையும் நான் கரும்பலகையில் எத்தனையோ வருடங்கள் வரைந்தவை. படத்தில் விசையை ஓர் அம்புக்குறி தாங்கும். இங்கே என் எலும்பு தாங்கியது.

சத்திரசிகிச்சை நிபுணர் ஓர் உயரமான பெண்மணி. நல்ல ஆங்கிலம் பேசினார். என் பாதத்தைத் தொட்டு, அதை மேலே தூக்கும்படி கேட்டார். தூக்கினேன். மீண்டும் தூக்கும்படி கேட்டார். தூக்கிவிட்டேன் என்று சற்றுக் கடுமையாகச் சொன்னேன். அவர் போர்வையை விலக்கிக் காட்டினார். பாதம் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"இடுப்பின் பின்னால் ஒரு பெரிய நரம்பு இறங்குகிறது. வெளியே வந்த எலும்பு அதை நசுக்கியிருக்கிறது" என்றார். "நசுங்கிய நரம்பு திரும்பி வரலாம். வராமலும் போகலாம். வராவிட்டால் நடக்கும்போது பாதம் தொங்கும், தரையில் இழுபடும்."

அவர் எதையும் மறைக்காமல் சொன்னதற்காக இன்றும் அவருக்கு நன்றி. ஆனால் காலை இழுத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைவதை அன்று முழுவதும் மனதில் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் கட்டிலுக்கோ மருந்துக்கோ கத்திக்கோ எவரும் என்னிடம் பில் நீட்டவில்லை. தாதிமார் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது எனக்கு உவப்பாக இருக்கவில்லை. அது அவர்கள் வழக்கம் என்று பொறுத்துக்கொண்டேன். ஈரல் பூசிய பாணும் பீற்றூட் துண்டும் எனக்கு இறங்கவில்லை. வத்சலா தினமும் ஒரு பிளாஸ்கில் சொதியும், இன்னொன்றில் தேநீரும், வாழையிலை கிடைக்காத ஊரில் வெள்ளித் தாளில் சுற்றிய புட்டும் கொண்டுவந்தாள். குகன் வேலை முடிந்து, மா படிந்த கையைக் கழுவிவிட்டு வந்து, எனக்கு முகம் வழித்துவிடுவார். மழிக்காத முகத்தோடு நான் எவரையும் சந்திப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். கேட்காமலே செய்தார்.

அப்படி மழித்து முடிந்த ஒரு மாலையில் லொறிக்காரர் வந்தார்.

அவர் பெயர் நீல்சன். பன்றிப் பண்ணை வைத்திருப்பவர். எனக்குச் சமமான வயது. கையில் மஞ்சள் பூக்கொத்து. தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். அவருடைய கண் என் முகத்துக்கு வராமல் கயிற்றிலும் நிறையிலுமே நின்றது. அவரோடு சாம்பல் நிறக் கோட்டு அணிந்த ஒருவரும் வந்து யன்னலோரம் அமர்ந்தார். தெரிந்தவர் என்று மட்டும் நீல்சன் சொன்னார்.

"உங்களை இப்படிக் காண வருத்தமாக இருக்கிறது" என்றார், சிறிதளவு ஆங்கிலத்தில். 

நோயாளியைப் பார்க்க ஒருவர் கையில் ஏதோ கொண்டு வந்தால் அவர் விருந்தாளி. விருந்தாளி முகம் வாடிப் போகும்படி விடுவது எங்கள் வீடுகளில் இல்லை. ஆகவே நான் வளர்ந்த முறைப்படி பதில் சொன்னேன். "உங்களில் ஒரு பிழையும் இல்லை. எங்களுக்குக் காலம் சரியில்லை. அதைப் போட்டு மனதை அலட்டாதீர்கள்." பிறகு வத்சலாவைக் கொண்டு பிளாஸ்கிலிருந்து அவருக்குத் தேநீர் ஊற்றுவித்தேன். அவர் குடித்தார். போகும்போது முகம் சற்றுத் தெளிந்திருந்தது.

சாம்பல் கோட்டுக்காரர் நீல்சனின் காப்புறுதிக் கொம்பனி ஆள் என்பதும், அவருடைய மடியில் இருந்தது என் வார்த்தைகளை எழுதுவதற்கான கொப்பி என்பதும் பிறகுதான் தெரிந்தன. கம்பி ஏறிய காலோடு, வலிநிவாரணி ஊசியின் மயக்கத்தில் கிடந்த மனிதர் ஒருவர் விருந்தாளிக்குச் சொன்ன உபசார வார்த்தையை, வாசித்துக் காட்டாமல், விளங்கியதா என்று கேட்காமல், வாக்குமூலம் என்று எழுதிக்கொண்டுபோனார். எங்கள் ஊரில் எந்தச் சமாதான நீதவானாவது இதைச் செய்திருந்தால் அவருடைய நியமனத்தைப் பறிக்கும்படி நானே விண்ணப்பித்திருப்பேன்.

சில நாட்களில் கெண்டைக்கால் வீங்கிச் சிவந்தது. அசையாமல் கிடக்கும் காலில், ஆழத்தே ஓடும் நாளத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகிவிடும் என்றார் நிபுணர். பாதத்தில் ஊசி போட்டுச் சாயம் செலுத்திப் படம் பிடித்தார்கள். காலுக்குள் ஒருவர் தணலைக் கொட்டியது போலிருந்தது. படத்தில் சாயம் ஓடாத இடம்தான் கட்டி. அது கழன்று நெஞ்சுக்குப் போனால் மூச்சு நின்றுவிடும். அதைத் தடுக்க இரத்தத்தை நீர்க்கவைக்கும் மருந்தைக் கையில் துளித்துளியாக ஏற்றினார்கள். அந்த நாட்களில் நான் பயந்தேன். இருமக்கூடப் பயந்தேன். வத்சலா திருநீற்றை என் நெற்றியில் பூசிவிட்டு, தன் பயத்தை மறைக்க, "அப்பா, இருமல் வந்தா மெல்ல இருமுங்கோ, இந்த வாட்டில வேற சனமும் படுத்திருக்கு" என்றாள். நான் சிரித்தேன். சிரிப்பதற்கும் பயமாகத்தான் இருந்தது.

கட்டி கரைந்தது. கரைந்ததோடு நீல்சனின் காப்புறுதிக் கொம்பனியும் கரைந்தது.

செய்தியைக் கொண்டுவந்தவர் ஹோல்ம் என்பவர். குகனுடைய காருக்குக் காப்புறுதி கொடுத்த கொம்பனியின் ஆள். நன்றாக உடுத்தவர், மென்மையாகப் பேசுபவர். நீல்சனின் கொம்பனி வங்குரோத்தாகிவிட்டது, அதனிடம் இழப்பீடு கேட்பவர்கள் அதற்குக் கடன் கொடுத்தவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும், வரிசையின் முடிவில் ஏதும் மிஞ்சப்போவதில்லை என்றார். வருடாவருடம் கட்டணம் வாங்கிய கொம்பனி, கொடுக்க வேண்டிய நாளில் கதவைச் சாத்திவிட்டது. வீதியில் நிற்காமல் வந்தால் பொலிஸ் பிடிக்கிறது. கதவைச் சாத்துபவர்களைப் பிடிக்க எவருமில்லை.

"ஆனால் உங்களுக்கு வழியிருக்கிறது" என்றார் ஹோல்ம்.

வழி குகனுடைய பத்திரத்தில் இருந்தது. கார் வாங்கிய காலத்தில் காப்புறுதி முகவர் மேசையில் எடுத்துவைத்த துணைப்பிரிவுகள் எல்லாவற்றையும் குகன் எடுத்திருந்தார். அந்த மனிதர் அவ்வளவு நேரம் விளக்கம் சொன்ன பிறகு வேண்டாமென்று சொல்ல அவருக்கு முகம் வரவில்லை. அதற்காக எங்கள் ஆட்கள் அவரைக் கேலி செய்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று இது: மற்ற வாகனக்காரரில் பிழை இருந்து, அவருடைய காப்புறுதி போதாமலோ இல்லாமலோ போனால், நம்முடைய கொம்பனியே காயப்பட்டவருக்கு ஈடு கொடுக்கும்.

"அப்படியானால் கொடுங்கள்" என்றேன்.

ஹோல்ம் தொண்டையைச் செருமினார். "அந்தப் பிரிவுக்கு நீல்சனில் பிழை இருக்க வேண்டும். அவரில் பிழை இல்லையென்று நீங்களே சொன்னதாக எழுத்தில் இருக்கிறது. அந்தக் கொம்பனியின் கோப்புகள் இப்போது எங்களிடமும் வந்திருக்கின்றன."

நான் அது உபசாரம் என்றேன். அவர் தலையசைத்தார், எழுதவில்லை.

"இதைவிட எளிய வழி உண்டு. காரை ஓட்டியவர் உங்கள் மருமகன். மோதியதும் அவருடைய கார். பிழை அவரில் என்று நீங்கள் ஒரு வரி தந்தால், பயணிக்குக் கொடுக்க வேண்டியதை அவருடைய சாதாரணக் காப்புறுதியிலேயே கொடுத்துவிடுவோம். நீல்சனுக்குச் சொன்னதோடும் அது பொருந்தும். எல்லாருக்கும் சுலபம்."

எல்லாருக்கும் சுலபம் என்றால் ஹோல்முக்குச் சுலபம் என்று பொருள். இந்தச் சுலபத்தின் மற்றப் பக்கத்தை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பொலிஸ் இன்னும் கோப்பை மூடவில்லை. பேக்கரி முதலாளி குகனைப் பாண் கொண்டுபோகும் வானுக்குச் சாரதியாக எடுப்பதாகச் சொல்லியிருந்தார். வீதிக் குற்றம் பதிவானால் அந்த வேலை இல்லை, அனுமதிப்பத்திரமும் போகலாம். மா குழைக்கும் இடத்தின் தூசி குகனுக்கு மூச்சிழுப்பைக் கொடுத்திருந்தது. வானுக்கு மாறாவிட்டால் அவர் அங்கே நிலைக்கமுடியாது. என் ஒரு வரியில் தொங்கியது அதுதான்.

"நான் படுத்துக்கொண்டு வாக்குமூலம் கொடுப்பதில்லை" என்றேன். "எழுந்து நிற்கும்போது தருவேன். அதுவரை காத்திருங்கள்."

ஹோல்ம் என் காலைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

அன்று மாலை குகன் வந்தார். சவர்க்காரம் தடவி, கத்தியைக் கழுத்தில் வைத்த பிறகே கதைக்கத் தொடங்கினார்.

"மாமா, ஹோல்ம் என்னோடயும் கதைச்சவர்."

என்னால் வாய் திறக்க முடியவில்லை. அதற்காகத்தான் அந்த நேரத்தைத் தெரிந்தெடுத்திருக்கிறார் என்று பிறகு விளங்கியது.

"என்ர பிழை எண்டு சொல்லிவிடுங்கோ. எனக்குப் பரவாயில்லை. வானும் ஒண்டுதான், மாவும் ஒண்டுதான். உங்களுக்குக் கால் இல்லாம எப்பிடிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போவியள்? அந்தக் காசு வந்தா நீங்கள் ஒருத்தரிட்டையும் கையேந்தத் தேவையில்லை. நாடியைத் தூக்குங்கோ மாமா."

தூக்கினேன். கத்தி தொண்டையால் மேலேறியது.

"ஆரும் கேட்டா, பிரேக் பிடிக்கப் பிந்தினனான் எண்டு நானே சொல்லுறன்."

துவாயால் முகத்தைத் துடைத்துவிட்ட பிறகு நான் கேட்டேன். "பிந்தினீரோ?"

குகன் நெடுநேரம் துவாயை மடித்தார். "இல்லை மாமா."

"அப்ப ஏன் சொல்லுவீர்?"

அவர் கத்தியைக் கழுவப் போனார். நான் அதற்குமேல் கேட்கவில்லை. மாமனாருக்காகப் பொய்க் குற்றத்தை ஏற்க ஆயத்தமாக இருந்த ஒருவரைப் பற்றித்தான் பிறகு எங்கள் ஆட்கள் கதை கட்டினார்கள் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

கட்டியவர்களில் முதல்வர் இராசதுரை. வைத்தியசாலையில் எவர் படுத்தாலும் முதலில் வந்து நிற்பவர். வாட்டிலிருந்து வெளியேறுமுன் அடுத்த வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைத் தயாரித்துக்கொள்பவர். ஒரு சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தார்.

"மாஸ்டர், மீன்குழம்பு. முள்ளெடுத்தது. இண்டைக்குக் கால் எப்பிடி?"

"இருக்கிறது."

"இருக்கும், இருக்கும். வெளியில சனம் வேற மாதிரிக் கதைக்குது. மாஸ்டர் மருமோனில கேஸ் போடப்போறார் எண்டு. நான் சொன்னனான், சீச்சீ, மாஸ்டர் அப்பிடிப்பட்ட ஆளில்லை, எவ்வளவு குடுக்கிறாங்களெண்டு பாத்துத்தான் முடிவெடுப்பாரெண்டு."

"குழம்பை மேசையில் வையும்" என்றேன்.

"கோவிக்காதேங்கோ. முதல்ல வெள்ளையனில பிழையில்லை எண்டு சொன்னனீங்களாம், இப்ப அவனில பிழை எண்டு சொல்லப்போறீங்களாம். ரண்டு தரம் சொல்லலாமோ எண்டு சனம் கேக்குது. நான் கேக்கேல்லை, சனம்தான்."

"சனம் என்று ஒரு ஆள் வாட்டுக்குள் வந்ததை நான் இன்றுதான் பார்க்கிறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். குழம்பு நன்றாக இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

நிறையைக் கழற்றி, கம்பியை உருவி, கட்டில் விளிம்பில் என்னை இருத்தியபோது குளிர்காலம் முற்றியிருந்தது. பாதத்துக்கு அசைவு திரும்பி வரவில்லை. முழங்காலின் கீழிருந்து உள்ளங்கால்வரை பிளாஸ்டிக்கில் ஒரு தாங்கி வார்த்து, சப்பாத்துக்குள் வைத்தார்கள். ஊன்றுகோல் இரண்டோடு நடைப்பயிற்சி. முதல் நாள் எழுந்த உடனே கண் இருண்டு திரும்பவும் உட்கார்ந்தேன். பயிற்சியாளர் நாளைக்குப் பார்ப்போம் என்றார்.

வத்சலா பொறுமையை இழந்தது அன்றுதான்.

"பேக்கரிக்காரன் வருசப் பிறப்புக்குப் பிறகு வேற ஆளை எடுக்கப்போறானாம். அப்பா, உங்கட மரியாதை எழும்பி நிக்கும் மட்டும் அவற்ர வேலை காத்திருக்குமோ? படுத்துக்கொண்டு உண்மையைச் சொன்னா அது பொய்யாப் போயிடுமோ?"

"படுத்துக்கொண்டு சொன்னதைத்தான் உவங்கள் பொய்யாக்கி வைச்சிருக்கிறாங்கள்" என்றேன்.

அவள் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு சொல்லாமல் போய்விட்டாள். போனவள் வாசலில் நின்று திரும்பி வந்து, என் போர்வையை இழுத்துப் பாதத்தை மூடிவிட்டுப் போனாள்.

வத்சலா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் என்னுடைய சொல்லால் மட்டும் காரியம் ஆகாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. முன்னால் ஒன்று சொன்னவர், பின்னால் வேறு சொல்கிறார் என்று ஹோல்ம் எழுதுவார். நீல்சன் வாயால் வர வேண்டும். அவரிடம் கேட்க வேண்டும். கேட்பதென்றால், பிழையில்லை என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பிய மனிதரின் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். நீல்சனுக்கு அது என்ன செய்யும் என்பதையும் ஹோல்மிடம் விசாரித்து அறிந்திருந்தேன். அவருடைய கொம்பனி முறிந்துவிட்டதால், பிழை அவரில் என்று ஆனால், எங்கள் கொம்பனி எனக்குக் கொடுத்துவிட்டு அவருடைய பண்ணையில் கைவைக்கலாம். என்னுடைய உபசார வார்த்தை அந்த மனிதருக்குக் கிடைத்திருந்த ஒரே வேலி.

வேலியைப் பிரிக்க வேண்டிய நிலையில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் கதவைச் சாத்திய கொம்பனிக்காரர். அவர்கள் எந்த வாட்டுக்கும் பூ கொண்டு வரவில்லை.

தாதியிடம் நீல்சனுக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னேன். என்னை வந்து பார்க்கும்படி கேட்கச் சொன்னேன். பூ கொண்டுவர வேண்டாம் என்று முக்கியமாகச் சொல்லச் சொன்னேன். தாதிக்கு அது விளங்கவில்லை. ஒவ்வாமையா என்று கேட்டார். ஓம் என்றேன்.

நீல்சன் தனியாக வந்தார். கையில் ஒன்றுமில்லை. தேநீர் கொடுக்க வேண்டாமென்று வத்சலாவுக்கு முன்பே சொல்லியிருந்தேன். ஊன்றுகோல்களைப் பிடித்து எழுந்தேன். குகன் பின்னால் நின்றார், தொடவில்லை. கண் இருளவில்லை.

"அன்று நீங்கள் என் விருந்தாளி" என்றேன். "விருந்தாளியிடம் பிழையில்லை என்று சொல்வது எங்கள் முறை. அதை நான் திருப்பி எடுக்கவில்லை. இன்று உங்களை விருந்தாளியாக அழைக்கவில்லை. இவர் என் மருமகன். அந்தச் சந்தியில் நீங்கள் நின்றீர்களா?"

நீல்சன் குகனைப் பார்த்தார். பிறகு என் சப்பாத்தைப் பார்த்தார்.

"நான் இதைச் சொன்னால் எனக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்தும் கேட்கிறீர்கள்."

"தெரியாமல் கேட்பது உங்களை ஏமாற்றுவதாகும்."

 குகன் கதிரையை இழுத்துவைத்தார், நான் அமரவில்லை. நீல்சன் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"நான் நிற்கவில்லை. வெயில் நேரே கண்ணில் அடித்தது. அந்த நேரத்தில் அந்த வீதியில் எவரும் வருவதில்லை என்று பழக்கத்தில் வந்துவிட்டேன். எங்கள் கொம்பனிக்காரர் வாய் திறக்கக் கூடாது என்றார். நீங்கள் பிழையில்லை என்று சொன்னதை வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி நம்பவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை."

அங்கிருந்தே அவர் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். மறுநாள் பொலிஸ் அதிகாரி ஒருவர் என்னுடைய வாக்குமூலத்துக்காக வந்தார். கட்டிலருகே கதிரை போட்டு அமர்ந்து, படுத்தபடியே சொல்லலாம் என்றார். நான் எழுந்தேன். அவரும் எழுந்துவிட்டார். சொல்லி முடித்து, எழுதியதை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டும்படி கேட்டேன். வாசித்தார். ஓம் என்றேன்.

குகனுக்கு எதிரான கோப்பு மூடப்பட்டது. வான் அவருக்குக் கிடைத்தது; இழுப்பும் குறைந்திருக்கிறது. ஹோல்மின் கொம்பனி, இரண்டு வாக்குமூலங்களுக்குப் பிறகும், என் பாதம் எவ்வளவு தொங்குகிறது என்று வாதாடி வாதாடி, அந்தத் துணைப்பிரிவின்படி ஈடு கொடுத்தது. அதன்பின் நீல்சனிடம் போனது. உண்மை சொன்ன மனிதரை விடுங்கள் என்று நான் எழுதினேன். அது உங்களுக்குரிய விடயமல்ல என்று பதில் வந்தது. நீல்சன் வீதியோரத்து வயலொன்றை விற்றார். சுறாப்பல்லுக்குக் காவல் இருக்கும் சட்டம், முறிந்துபோன கொம்பனியின் முதலாளிமார் எவரிடமும் எந்த வயலையும் கேட்டதாக நான் அறியவில்லை.  

நீல்சன் இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறார். பூவோடு வருகிறார். தேநீர் கொடுக்கிறோம்.

எங்கள் ஆட்கள் கோல்டிங்கிலும் கொப்பன்ஹேகன் பக்கத்திலும் சொல்லித் திரிவது பற்றி: நான் மருமகன்மேல் வழக்குப் போடவில்லை. நீல்சனின் பண்ணை என்னால் அழியவில்லை. அவர் விற்றது ஒரு வயல், அதை விற்க வைத்தது கொம்பனி. காசுக்காக வாக்குமூலத்தை மாற்றினேன் என்பதும் பொய். நான் கொடுத்த வாக்குமூலம் ஒன்றே ஒன்று. அதை எழுந்து நின்று கொடுத்தேன்.